பிரிக்கும் நாளில் தொலைத்தவை: கஜாவுக்குப் பின் ஒரு பழைய வீட்டை மீட்ட அனுபவம்

2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது, மன்னார்குடிக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரில், கொல்லையில் நின்ற பெரிய மாமரம் வேரோடு சாய்ந்து எங்கள் வீட்டின் பின்கட்டின் மேல் விழுந்தது. முன்கட்டின் ஓடுகளில் பாதிக்கு மேல் பறந்துவிட்டன. 1931இல் என் தாத்தா கட்டிய வீடு அது. தெருத் திண்ணை, நடை, நடுவில் முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், தாழ்வாரத்தைத் தாங்கும் எட்டுத் தேக்குத் தூண்கள், கூடத்தின் மேல் மெட்ராஸ் டெரஸ் தளம், பின்கட்டில் அடுப்படியும் நெல் சேமிக்கும் ஆளுயரப் பத்தாயமும் இருந்த வீடு. அம்மா இறந்த பிறகு ஐந்து ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்தது. அண்ணன்கள் இருவரும் வெளிநாட்டில் இருக்கிறார்கள். நான் திருச்சியில் பள்ளி ஆசிரியையாக இருந்தேன், ஓய்வுபெற இரண்டு ஆண்டுகள் இருந்தன. இடித்துவிட்டுச் சின்னதாக ஒரு காங்கிரீட் வீடு போட்டுக்கொள் என்றுதான் உறவினர் எல்லோரும் சொன்னார்கள். இருக்கிற மரத்தையும் செங்கல்லையும் கொண்டே திருப்பிக் கட்டுவது என்று நான் தனியாக முடிவெடுத்தேன். அந்த முடிவுக்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை. ஆனால் அதைச் செய்த விதத்தில் இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் வீணாக்கினேன்; திரும்பக் கிடைக்காத சிலவற்றையும் இழந்தேன். இதே வேலையில் இறங்கப் போகிறவர்கள் அந்த இழப்பையாவது தவிர்க்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, முதல் வாரத்திலேயே நடந்தது. பின்கட்டையும் தாழ்வாரத்தையும் பிரித்தாக வேண்டும் என்று பொறியாளர் சொன்னார். பழைய வீடுகளைப் பிரித்து அந்தச் சாமான்களை விற்கும் ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்து பார்த்து, பிரிப்புக் கூலி வேண்டாம், கழிவுச் சாமான்களுக்கு மேற்கொண்டு 65,000 ரூபாய் தானே தருவதாகச் சொன்னார். "உங்களுக்கு வேண்டியதை எடுத்து ஓரமா வச்சுக்குங்க டீச்சர், மிச்சத்தை நான் ஏத்திக்கிறேன்" என்றார். கூலியும் மிச்சம், கையில் பணமும் வரும் என்று நான் மகிழ்ந்துபோனேன். எது வேண்டியது, எது மிச்சம் என்று ஒரு வரிகூட எழுதிக்கொள்ளவில்லை. 2019 பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை வேலை தொடங்கியது. பொதுத்தேர்வு நெருங்கும் காலம் என்பதால் எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. சனிக்கிழமை காலை ஊருக்குப் போய் இறங்கியபோது எட்டுத் தூண்களில் ஆறுதான் இருந்தன. பத்தாயத்தைக் கடப்பாரையால் நெம்பி உடைத்து, பலகைகளை விறகோடு விறகாக வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வாசல் நிலையைச் சுவரிலிருந்து பெயர்க்கப் பொறுமையில்லாமல் ரம்பத்தால் அறுத்து எடுத்திருந்தார்கள். வண்டியின் முன்னால் நின்று கத்தினேன். ஒன்பது பலகைகளை மட்டும் இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். அன்று இரவு அந்தத் திண்ணையில் உட்கார்ந்து அழுததைப் போல் நான் வேறு எதற்காகவும் அழுததில்லை.

அறுத்தெடுத்த நிலை ஏன் பாழ் என்பதை விளக்க வேண்டும். பழைய நிலைகளின் மேற்சட்டமும் கீழ்ச்சட்டமும் இருபுறமும் ஒரு சாண் அளவுக்குச் சுவருக்குள் நீண்டிருக்கும். எங்கள் ஆசாரி அதைக் காது என்பார். நிலையைச் சுவரோடு பிடித்து நிறுத்துவது அந்தக் காதுதான். அதை அறுத்துவிட்டால் நிலை வெறும் சட்டம்தான். இரும்புப் பட்டை அடித்து ஒப்பேற்ற வேண்டும். அதேபோல் அந்தக் காலத்துக் கதவுகள் கீலில் தொங்குவதில்லை. கதவுப் பலகையின் மேலும் கீழும் செதுக்கிய குடுமி, நிலையில் உள்ள குழியில் நின்று சுழலும். நிலையைத் தளர்த்திக் கதவைச் சாய்த்து எடுத்தால்தான் குடுமி பிழைக்கும். அவசரக்காரர்கள் குடுமியை வெட்டிவிட்டுக் கதவை இழுத்துவிடுவார்கள். எங்கள் வாசற்கதவின் இடது பலகை அப்படித்தான் போனது. நிலையையும் கதவையும் ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய 12,000 ரூபாய் ஆனது.

காணாமற்போன இரண்டு தூண்களையும் மூன்று வாரம் கழித்து வேறொரு ஊரில், பழைய மரக் கடை ஒன்றில் கண்டுபிடித்தேன். அவற்றில் ஒன்றில் அரிக்கேன் விளக்கு மாட்டிய ஆணியும், அதற்கு மேலே விளக்குச் சூடு பட்டுக் கருகிய தடமும் இருந்தன. அந்த வெளிச்சத்தில்தான் நான் எட்டாம் வகுப்பு வரை படித்தேன். எங்கள் வீட்டுத் தூண் என்று கடைக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் முறையாக விலை கொடுத்து வாங்கியவர். அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஒரு தூண் 22,000 ரூபாய் வீதம் 44,000 கொடுத்து என் வீட்டுத் தூண்களை நானே வாங்கி வந்தேன். வீடு முழுவதின் கழிவுக்கும் ஒப்பந்தக்காரர் எனக்குத் தந்தது 65,000 என்பதை நினைத்துப் பாருங்கள். பர்மாத் தேக்கின் மதிப்பு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தாத்தா வீடு கட்டிய காலத்தில் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். 1937இல்தான் அது தனியாகப் பிரிந்தது. அன்று உள்நாட்டுச் சரக்கைப் போல வந்து இறங்கிய மரம் அது. மியன்மார் அரசு 2014 ஏப்ரல் முதல் அறுக்காத மரத்தை ஏற்றுமதி செய்வதையே நிறுத்திவிட்டது. அப்படிப்பட்ட நெருங்கிய வரி ஓடிய முதிர்ந்த மரத்தை இன்று புதிதாக வாங்க முடியாது. இன்னொரு பழைய வீடு பிரிக்கப்பட்டால்தான் உண்டு. ஆகவே பிரிப்பு வேலையை இலவசமாகச் செய்து தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் எதைக் கூலியாகக் கருதுகிறார் என்பதை முதலில் கண்டறியுங்கள். நாட்கூலிக்கு ஆள் வைத்து, நம் ஆசாரி பக்கத்தில் நின்று, நாமும் நின்று பிரிப்பதே நல்லது. எனக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய் கூலி ஆகியிருக்கும்.

அதற்குப் பிறகு நான் இரண்டு மாத விடுப்பெடுத்தேன். ஊரில் எழுபது வயதைக் கடந்த ஆசாரி ஒருவர் இருந்தார். அவர் வந்து மீதமிருந்த வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "எதைப் பிரிக்க வேண்டாம்னு முடிவு பண்ணினீங்களா டீச்சரம்மா?" என்பதுதான். அந்தக் கேள்வியை எந்தப் பொறியாளரும் என்னிடம் கேட்கவில்லை. கூடத்துத் தளம் ஒழுகியது, இரண்டு உத்தரங்களின் முனைகள் இற்றிருந்தன, அதனால் முழுவதையும் இறக்கிவிடலாம் என்ற யோசனை ஓடிக்கொண்டிருந்தது. மெட்ராஸ் டெரஸ் என்பது உத்தரங்களின் மேல் சரங்கள் எனப்படும் சிறு மரக்கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, மெல்லிய செங்கற்களை மூலைவாட்டில் குத்துவாக்கில் நிறுத்திச் சுண்ணாம்பில் ஒட்டி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து, மேலே தட்டையான ஓடுகளை (தட்டோடு) பதித்த தளம். அதை இறக்கினால் மரம் மட்டும்தான் கையில் மிஞ்சும். செங்கல்லும் சுண்ணாம்பும் குப்பைதான். ஆசாரி உத்தரங்களுக்கு முட்டுக் கொடுத்து, சுவருக்குள் இற்றுப்போன முனையை மட்டும் அறுத்துவிட்டு, கழிவில் கிடந்த அதே இலுப்பை மரத் துண்டுகளை ஒட்டுவைத்து இரும்புப் பட்டையால் பிணைத்தார். மேலே தட்டோடுகளின் சந்துகளைச் சுரண்டிச் சுண்ணாம்பால் புதிதாகப் பூசினோம். ஒழுக்கு நின்றது. 38,000 ரூபாயில் ஒரு கூடம் முழுதாகப் பிழைத்தது. அந்த இடத்தில் நின்றபடியே சரியாகக்கூடிய எதையும் பிரிக்காமல் விடுவதைவிடச் சிறந்த மறுபயன்பாடு இல்லை என்பது இந்த இரண்டு ஆண்டுகளில் நான் தெரிந்துகொண்ட மிகப் பெரிய விஷயம்.

கூடத்துத் தரையை அப்படிக் காப்பாற்ற எனக்குத் தெரியாமல் போயிற்று. சிவப்புக் காவித் தரை, அப்பா காலத்தில் போட்டது, முகம் பார்க்கலாம் போல வழுவழுப்பாக இருந்தது. ஆத்தங்குடிக் கல் போன்றவற்றைச் சுண்ணாம்புப் படுக்கையிலிருந்து உளியால் நிதானமாகப் பெயர்த்து வேறிடத்தில் பதிக்கலாம். சிமென்டில் பதித்திருந்தால் பெரும்பாலும் உடையும். காவித் தரையையோ பெயர்க்கவே முடியாது. அது ஒரே பூச்சாக இருந்த இடத்திலேயே இழைத்தது. அதைக் காப்பாற்ற ஒரே வழி வேலை தொடங்குமுன் மூடுவது: சாக்கை விரித்து, அதன் மேல் இரண்டு அங்குல மணல் பரப்பி, நடக்கும் வழியில் பலகை போடுவது. மொத்தமாக இரண்டாயிரம் ரூபாய்ச் செலவு. நான் செய்யவில்லை. முதல் மழையன்று வேலையாட்கள் கூடத்துக்குள் வந்து அந்தத் தரையிலேயே கலவை குழைத்தார்கள். ஓர் உத்தரத் துண்டும் அதன் மேல் விழுந்தது. இன்று அந்த மூலையில் வேறு சிவப்பில் ஒட்டுப்பூச்சு இருக்கிறது. கூடத்துக்குள் நுழையும்போதெல்லாம் என் கண் முதலில் அங்கேதான் போகிறது.

பிரித்த மரங்களுக்கு எண் போடுவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தாழ்வாரத்தில் ஓட்டைத் தாங்கும் சாய்வு மரங்களான கைமரங்கள் மட்டும் 64. எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் ஒன்று இன்னொன்றின் இடத்தில் உட்காராது, ஏனென்றால் ஒவ்வொரு பொருத்தையும் அந்தந்த மரத்துக்கேற்பக் கையால் வெட்டியிருக்கிறார்கள். நான் முதலில் சாக்கட்டியால் எண் எழுதினேன். ஒரே தூறலில் அழிந்தது. பிறகு பெயிண்டால் எழுதினேன்; அது இழைக்கும்போது போய்விடும், இழைக்காத பக்கத்தில் எழுத வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. ஆசாரி தகரத்தைச் சிறு சதுரங்களாக வெட்டி, ஆணியால் குத்தி எண் பதித்து, ஒவ்வொரு மரத்தின் மேல்முகத்திலும் இடது முனையில் அடித்தார். எந்த முனை என்பது முக்கியம், ஏனென்றால் அதிலிருந்துதான் மரம் எந்தத் திசையில் படுத்திருந்தது என்று தெரியும். நான் ஒரு நோட்டில் வீட்டின் படத்தை வரைந்து, எண், நீளம், மரவகை, பழுது என்று நான்கு பத்திகளில் எழுதினேன், ஒவ்வொரு சுவரையும் பிரிக்குமுன் நேராக நின்று படம் எடுத்தேன். அந்த வேலையின் நடுவில்தான், அழுக்கைத் துடைத்தபோது, பல கைமரங்களின் பொருத்தில் உளியால் கொத்திய ௧, ௨, ௩ என்ற தமிழ் எண்கள் தெரிந்தன. 1931இல் அந்த மரங்களைத் தரையில் வெட்டிப் பொருத்திப் பார்த்துவிட்டு மேலே ஏற்றிய ஆசாரிகள் போட்டுவைத்த எண்கள் அவை. எங்கள் ஆசாரி விரலால் அவற்றைத் தடவிக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் இருந்தார். உங்கள் வீட்டு மரங்களிலும் இருக்கலாம். பிரிக்குமுன் பொருத்துகளைத் துடைத்துப் பாருங்கள்.

மரவகையைப் பொறுத்தவரை, வீட்டில் சொல்லிவந்ததை நம்பாதீர்கள். எங்கள் வீடு முழுவதும் தேக்கு என்றுதான் அப்பா சொல்வார். பார்த்தால் தூண்களும் கதவு நிலைகளும் மட்டும்தான் தேக்கு. உத்தரங்கள் இலுப்பை, தாழ்வாரத்துக் கைமரங்களில் பாதி இலுப்பை, பாதி பனங்கை. முற்றிய பனையின் வைரம் பாய்ந்த கறுப்புக் கைகளில் ஒன்றுகூடக் கெடவில்லை. தேக்கிலும்கூட வைரப் பகுதிதான் நிற்கும்; வைரம் பாயாத ஓரத்து மரமான வெளிறைப் பூச்சி அரித்துவிடும். கூரான ஆணியால் குத்திப் பார்ப்பது, சுத்தியால் தட்டி ஓசை கேட்பது ஆகிய இரண்டும் போதும். ஆனால் சுவருக்குள் இருந்த முனைகளையும், ஓடு ஒழுகிய இடத்துக்கு நேர் கீழே உள்ள பகுதியையும் கட்டாயம் பார்க்க வேண்டும். கெட்ட முனையை அறுத்தபின் குட்டையாகும் மரத்தை வேறு எங்கே பயன்படுத்தலாம் என்பதை அப்போதே நோட்டில் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது விறகுக் குவியலுக்குப் போய்விடும்.

இத்தனை கவனமாக எடுத்து எண் போட்ட மரங்களை நான் அடுக்கி வைத்த விதத்தில் கோட்டை விட்டேன். கொல்லையில் கீற்றுக் கொட்டகை போட்டு, தரையில் ஒரு வரிசைச் செங்கல் மட்டும் பரப்பி, அதன் மேல் மரங்களை நெருக்கமாக அடுக்கினேன். மழைக்குப் பயந்து சுற்றிலும் பிளாஸ்டிக் தார்ப்பாயால் இறுகக் கட்டினேன். 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு வந்தது. திருச்சியிலிருந்து நான் கிளம்ப முடியவில்லை, வேலையாட்களும் வரவில்லை. ஜூலையில் போய்த் தார்ப்பாயைத் திறந்தபோது புழுங்கிய வாடை முகத்தில் அடித்தது. அடியில் இருந்த மரங்களின் மேல் கறையான் மண் ஏறியிருந்தது. இலுப்பைக் கைமரங்களில் 26 உள்ளே கூடாகிவிட்டன. எண் தகடுகள் மட்டும் அப்படியே பளபளத்தன. புதிய மரம் வாங்க 58,000 ரூபாய் ஆனது. அதைவிட, புயலையும் பிரிப்பையும் தாண்டி வந்தவை என் கவனக்குறைவால் போயின என்பதுதான் தாங்கவில்லை. மரங்கள் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்திலாவது கருங்கல் மேல் இருக்க வேண்டும். ஒவ்வொரு வரிசைக்கும் இடையில் ரீப்பர் எனும் மெல்லிய மரச்சட்டத் துண்டுகளைக் குறுக்கே வைத்துக் காற்றுப் போக வழி விட வேண்டும், துண்டுகள் ஒன்றன் நேர் கீழே ஒன்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மரம் வளையும். மேலே கூரை போதும், பக்கங்களை மூடக் கூடாது. கறையான் தரையிலிருந்து மண்கூடு கட்டித்தான் ஏறும். அதனால் வாரம் ஒருமுறை யாராவது கற்களைச் சுற்றி வந்து பார்த்தால் அந்தக் கூட்டைத் தட்டிவிடலாம். பக்கத்து வீட்டுப் பையனுக்கு மாதம் ஐந்நூறு ரூபாய் கொடுத்திருந்தால் அந்த 26 மரங்களும் இன்று தாழ்வாரத்தில் இருந்திருக்கும்.

கதவுகளில் ஆறேழு பூச்சுப் பெயிண்ட் ஏறியிருந்தது. அதை எடுக்க வந்தவர் காஸ்டிக் சோடாவைக் கரைத்து ஒரு பலகையில் பூசினார். பெயிண்ட் இளகியது உண்மை. ஆனால் மறுநாள் தேக்கு கன்றிக் கறுத்திருந்தது, எத்தனை கழுவியும் போகவில்லை. அதை மேலாக இழைத்தெடுக்க 9,000 ரூபாய், கூடவே விளிம்பிலிருந்த செதுக்கு வேலையும் மழுங்கியது. அதன்பிறகு ஈரத்துணியால் நனைத்து நனைத்துத் தகட்டால் சுரண்டியே மற்றவற்றை எடுத்தோம். நாள் அதிகம், மரம் சேதமில்லை. உலர்ந்த நிலையில் மிஷின் வைத்துத் தேய்க்கவோ, நெருப்பால் சுடவோ விடாதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சுகளில் ஈயம் இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. அந்தத் தூளும் புகையும் வேலை செய்கிறவருக்கும், பக்கத்தில் விளையாடும் குழந்தைகளுக்கும் நஞ்சு. முகக்கவசம் போட வைத்து, கீழே தாள் விரித்து, சுரண்டலைச் சேர்த்துக் கட்டி அகற்ற வேண்டும். அறுப்பு மில்லுக்கு மரம் அனுப்புமுன் ஆணிகளைத் தேடி எடுப்பதும் இதே போன்ற பொறுமை வேலை. நான் அனுப்பிய முதல் சுமையில் உள்ளே புதைந்திருந்த ஒரு பழைய ஆணி ரம்பத்தைப் பதம் பார்த்தது, 2,800 ரூபாய் கட்டினேன். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை மரத்தின் மேல் நகர்த்திப் பார்ப்பது அதற்குப் பிறகு எங்கள் வழக்கமாயிற்று.

செங்கல்லில் எனக்கு நல்லது, கெட்டது இரண்டும் நடந்தன. பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது என்பதால் கரண்டியின் பக்கவாட்டால் தட்டினாலே சாந்து உதிர்ந்து கல் சுத்தமாக வந்தது. சிமென்டில் கட்டிய சுவராக இருந்தால் சாந்து விடாது, கல்தான் உடையும். பின்கட்டில் கிடைத்த ஏறத்தாழ 15,000 கற்களில் 7,000 முழுசாகத் தேறின. பெண்கள் நான்கு பேர் பதினெட்டு நாள் உட்கார்ந்து சுத்தம் செய்தார்கள். கூலியைக் கணக்கிட்டால் புதுக் கல்லை விட மலிவில்லை. பழைய கல்லின் அளவும் நிறமும் வேண்டும் என்றால்தான் இந்த வேலை நியாயப்படும். அரைக் கற்களை ஜல்லியாக உடைத்து அடுப்படித் தரைக்குச் சுண்ணாம்போடு போட்டோம். தவறு எங்கே நடந்தது என்றால், சுவர் எழுப்ப வந்த மேஸ்திரி சிமென்டில்தான் கட்டுவேன், சுண்ணாம்பு காயக் காத்திருக்க முடியாது என்றார். நானும் அவசரத்தில் ஒத்துக்கொண்டேன். பழைய கல் மென்மையானது, ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும் இயல்புடையது. சிமென்ட் அந்த ஈரத்தை வெளியே விடாது. ஒரு மழைக்காலம் கழிந்ததும் சுவரின் அடிப்பகுதியில் உப்புப் பூத்து, கற்களின் முகம் செதில் செதிலாக உதிர்ந்தது. பூச்சை உரித்து, அடி நான்கு வரிசைகளை மாற்றி, சுண்ணாம்பில் திரும்பக் கட்ட 47,000 ரூபாய். கும்பகோணம் பக்கத்திலிருந்து சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனாரைத் தேடிக் கண்டுபிடித்தேன். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில், ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து அரைத்துக் கட்டினார். அவரை முதலில் தேடிவிட்டுப் பிறகு சுவரைப் பிரித்திருக்க வேண்டும்.

வெளியிலிருந்து பழைய பொருள் வாங்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாட்டு ஓடுகள் புயலில் போய்விட்டதால், பிரிக்கப்பட்ட ஒரு பழைய கட்டடத்திலிருந்து மங்களூர் ஓடு 1,200 வாங்கினேன். மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு 1865இல் ஓட்டு ஆலை தொடங்கிய பிறகு பல ஆலைகள் அதே வகை ஓட்டைச் செய்தன, ஆனால் அச்சுகள் சற்றுச் சற்று வேறுபடும். என் 1,200இல் மூன்று ஆலைகளின் முத்திரை இருந்தது, 300 ஓடுகள் மற்றவற்றோடு கவ்வவில்லை. 4,200 ரூபாய் நட்டம் சிறிதுதான். முத்திரையைப் புரட்டிப் பார்த்து ஒரே வகையாக எடுத்திருந்தால் அதுவும் இல்லை. நூறு சதுர அடிக்கு ஏறத்தாழ 150 ஓடு என்று கணக்கிட்டு, பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குங்கள், பின்னால் அதே வகை கிடைக்காது. கதவுகளுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனேன். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த நிலைகளையும் கதவுகளையும் தூண்களையும் அங்கே வரிசையாகப் பார்க்கலாம். பார்த்ததும் மனம் மயங்கி இரட்டைக் கதவு ஒன்றை நிலையோடு வாங்கிவிட்டேன், அதன் உயரம் எங்கள் நடையின் சுவருக்கு அரை அடி அதிகம். சுவரையும் மேலே உள்ள கட்டையையும் மாற்ற 31,000 ரூபாய் செலவானது. சுவர் எழும்புமுன் கதவை வாங்கி வந்து தரையில் கிடத்தி அளவெடுத்துவிட்டுத்தான் வாசலை விட வேண்டும். தெய்வ உருவம் செதுக்கிய பலகை ஒன்றும் விற்பனைக்கு இருப்பதாக ஓரிடத்தில் சொன்னார்கள். எங்கிருந்து வந்தது என்று சொல்லாததால் வாங்கவில்லை. நூறு ஆண்டைத் தாண்டிய சிற்ப வேலைப்பாடுகள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும் என்பதை அறிந்துகொண்டு போவது நல்லது. வாங்கியவற்றுக்கெல்லாம் ரசீது கேட்டேன். ஒருமுறை வழியில் வண்டியை நிறுத்தி மரம் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தபோது அந்தத் தாள்தான் உதவியது.

கூட்டிப் பார்த்தால் தவறுகளுக்காக மட்டும் நான் கொடுத்தது 2,08,000 ரூபாய். பொறியாளர் போட்ட மதிப்பீடு 11 லட்சம். முடிந்தபோது 17,80,000 ஆகியிருந்தது. தவறுகள் நீங்கலான கூடுதல் முழுவதும் கூலி. பழைய பொருளைப் பயன்படுத்தினால் செலவு குறையும் என்ற எண்ணத்தோடு யாரும் தொடங்க வேண்டாம். பொருளில் மிச்சமாவது சுத்தம் செய்வதிலும், பொருத்துவதிலும், காத்திருப்பதிலும் போய்விடும். காலமும் அப்படித்தான், எட்டு மாதம் என்று நினைத்தது, ஊரடங்கையும் சேர்த்து, இரண்டு ஆண்டுகள். இடையில் பல இரவுகள் தூக்கமின்றி, உறவினர் சொன்னதைக் கேட்டிருக்கலாமோ என்று புரண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் என்னோடு பேச இந்த வேலையைச் செய்து முடித்த ஒரே ஒருவராவது இருந்திருந்தால் பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்.

2021 தை மாதம் குடிபுகுந்தேன். எட்டுத் தூண்களும் அவற்றின் பழைய கல் பீடங்களில் நிற்கின்றன. அரிக்கேன் ஆணியுள்ள தூணை அதன் பழைய இடத்திலேயே, கூடத்து வாசலுக்கு எதிரில் நிறுத்தச் சொன்னேன். ஆசாரி புதிதாகச் சேர்த்த 26 கைமரங்களிலும் பொருத்தில் உளியால் எண் கொத்தினார். பழைய எண்கள் விட்ட இடங்களில் அதே தமிழ் எண்களைத்தான் போட்டார். மிஞ்சிய ஓடுகள் கொல்லைச் சுவரோரம் கருங்கல் மேல் காற்றாட அடுக்கியிருக்கின்றன. வாரம் ஒருமுறை நான் சுற்றிவந்து பார்க்கிறேன். அந்த நோட்டு, பத்தாயத்திலிருந்து மிஞ்சிய ஒன்பது பலகைகளில் செய்த அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.